கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்!

ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை யோசிக்க வைப்பது எப்படி? வாசகர்கள் கேட்டவையும் நம் பதில்களும் இங்கே. ஊரை மட்டும் விட்டுவைத்து, பெயர்களை எடுத்துவிட்டோம். பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள், எதற்கு வம்பு?

ஓர் அம்மா, தேனி

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. சிந்தனைத் திறன் வளர எந்த வகுப்பில் சேர்க்கலாம்?

பதில்: அதான் இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டீர்களே! இன்னொரு வகுப்புக்குப் பணம் கட்டும் முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். காய்ந்த துணியைக் குவித்துப் போட்டு, "உனக்குத் தோணுற மாதிரி பிரிச்சு வை" என்று சொல்லுங்கள். இது அப்பாவுடையது, இது என்னுடையது என்று பிரிப்பாள். "சரி, வேற மாதிரி பிரி" என்றால் நிறம் பார்ப்பாள். மூன்றாவது முறை கேட்டால்தான் மூளை வேலைக்கு வரும். பட்டன் உள்ளது, இல்லாதது. இஸ்திரி போட வேண்டியது, வேண்டாதது என்று புதிது புதிதாகக் கிளம்பும். ஒரே பொருளைப் பல விதமாக வகைப்படுத்துவது இந்த வயதின் அடிப்படைப் பாடம். கட்டணம் கிடையாது, துணியும் மடிந்துவிடும்.

ஓர் அப்பா, ஆவடி

கேள்வி: மகனுக்கு 6 வயது. ஐந்து பிஸ்கட்டை நெருக்கி ஒரு வரிசை, ஐந்து பிஸ்கட்டைத் தள்ளித் தள்ளி இன்னொரு வரிசை வைத்தேன். நீளமான வரிசையில்தான் அதிகம் என்கிறான். நன்றாக எண்ணத் தெரிந்த பிள்ளை! கவலைப்படலாமா?

பதில்: வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இதே மாதிரிச் சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டு, பரப்பி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்ற தெளிவு ஏழு வயது வாக்கில்தான் உறுதிப்படுகிறது என்றார். 1974இல் எடின்பரோவில் மெக்காரிகல், டொனால்ட்சன் என்ற இருவர் அதில் ஒரு குறும்பு செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை; ஒரு கரடிப் பொம்மை வந்து "தெரியாமல்" கலைத்தது. சரியான விடை சொன்ன பிள்ளைகள் கணிசமாகக் கூடிவிட்டார்கள்!

ஏன்? பெரியவர் எதையோ நகர்த்திவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், "முதல்ல சொன்னது தப்பு போல" என்று பிள்ளை விடையை மாற்றிவிடுகிறது. வாத்தியார் "என்னது?" என்று புருவத்தை உயர்த்தினாலே ஐந்து ஆறாகிவிடுவதை நாம் பார்த்ததில்லையா? ஆகவே மகனைச் சோதிக்கும் முன் நம் குரலைச் சோதிப்போம். "இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு ஜோடி சேர்த்துப் பாரேன்" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். எதுவும் மிஞ்சாது என்பதை அவனே பார்க்கட்டும்.

ஒரு சித்தி, மதுரை

கேள்வி: அக்கா பிள்ளையை மடக்க ஒரு கேள்வி சொல்லுங்களேன்.

பதில்: எட்டு மல்லிகை, மூன்று ரோஜா எடுத்து வையுங்கள். "மல்லிகை அதிகமா, பூ அதிகமா?" என்று கேளுங்கள். ஆறு வயதுக்காரர் அநேகமாக "மல்லிகை" என்பார். மல்லிகையும் பூதான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பகுதியையும் முழுதையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து ஒப்பிடுவது அந்த வயதில் சிரமம். மடக்கிவிட்டோம் என்று சிரித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். "நம்ம வீட்டுல பெரியவங்க அதிகமா, ஆளுங்க அதிகமா?" என்று அடுத்ததைக் கேளுங்கள். தன்னையும் ஓர் ஆளாகச் சேர்த்து எண்ண வேண்டிய கட்டாயம் வரும்போது விஷயம் பிடிபடும்.

ஒரு பாட்டி, கும்பகோணம்

கேள்வி: பேத்தி இன்னும் விரல் விட்டுத்தான் கூட்டுகிறாள். கையைத் தட்டிவிடலாமா?

பதில்: தட்டாதீர்கள், பாட்டி. விரலைப் பார்க்காமல், எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறாள் என்று பாருங்கள். 7 + 5 என்றால் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து ஏழு வரை வந்து, பிறகு ஐந்தையும் எண்ணுகிறாளா? அல்லது ஏழை மனத்தில் வைத்துக்கொண்டு எட்டு, ஒன்பது என்று தொடர்கிறாளா? முன்னதிலிருந்து பின்னதற்குப் போவது பெரிய தாவல். 2 + 9 கொடுத்துப் பாருங்கள். ஒன்பதிலிருந்து தொடங்கி இரண்டைச் சேர்த்தால், வரிசை மாறினாலும் கூட்டல் மாறாது என்பதையும் தானே கண்டுகொண்டாள் என்று அர்த்தம். அன்றைக்குப் பாயசம் வையுங்கள். விரல் தானாக மடங்கிக்கொள்ளும்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, விழுப்புரம்

கேள்வி: எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் ஒரு பையன் 32 – 17 = 25 என்றே போடுகிறான். கவனமே இல்லை!

பதில்: கவனம் ரொம்ப இருக்கிறது, டீச்சர். மூன்றில் ஒன்று போனால் இரண்டு. ஏழில் இரண்டு போனால் ஐந்து. எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தானாக ஒரு விதி செய்து, அதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறான். இது கவனக்குறைவு இல்லை, தப்பான கொள்கை. சிவப்பு மையால் கொள்கையை மாற்ற முடியாது. "எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லேன்" என்று கேட்டால் அவன் வாயாலேயே விதி வெளியே வரும்.

பிறகு விளையாட்டு நோட்டில் மூன்று பத்து ரூபாய், விளையாட்டு நாணயத்தில் இரண்டு ஒரு ரூபாய் கையில் கொடுத்து, "எனக்கு 17 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். ஒரு பத்தைச் சில்லறை மாற்றாமல் நகர முடியாது. "கடன் வாங்குதல்" என்று நாம் கரும்பலகையில் சொல்வது என்னவென்று அப்போது அவனுக்கே விளங்கும். மீதி 15 என்று கண் முன்னால் இருக்கும்போது 25க்காக வாதாட மாட்டான்.

ஒரு மாமா, கரூர்

கேள்வி: யோசிக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் வாய்ப்பாடு மனப்பாடம் செய்வது தப்பா?

பதில்: யார் சொன்னது? மனப்பாடம் வேண்டும், அது மட்டும் போதாது. ஏழெட்டு எவ்வளவு என்பது மறந்துபோனால் "ஓரெட்டு எட்டு" என்று மறுபடி முதலிலிருந்து பாடுகிறவன் மனப்பாடம் மட்டும் செய்தவன். "ஏழேழு 49, கூட ஒரு ஏழு, 56" என்று எட்டிப் பிடிக்கிறவன் வாய்ப்பாட்டைப் புரிந்துகொண்டவன். இரண்டாமவனுக்கும் ஏழேழு மனப்பாடமாக இருந்ததைக் கவனியுங்கள். ஞாபகத்தில் ஒன்றுமே இல்லாமல் யோசிக்க முடியாது, மாமா.

ஓர் அம்மா, திருப்பூர்

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகன் கணக்கை முழுதாக வாசிப்பதே இல்லை. எண்களைப் பார்த்ததும் கூட்டிவிடுகிறான்.

பதில்: அவன் தனியாள் இல்லை. 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஒரு கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்: "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?" இரண்டாம், மூன்றாம் வகுப்பு நிலையில் இருந்த 97 பிள்ளைகளில் 76 பேர் எண்களை வைத்து வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! 36 வயது, கப்பல் தலைவருக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது?

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எல்லாக் கணக்குக்கும் விடை உண்டு, கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்தியாக வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மருந்து எளிது. வாரத்துக்கு ஒருமுறை கேள்வி இல்லாத கணக்கு கொடுங்கள்: "பஸ்ஸில் 20 பேர். அடுத்த நிறுத்தத்தில் 6 பேர் இறங்கினார்கள், 4 பேர் ஏறினார்கள்." இதில் என்னென்ன கேட்கலாம் என்று மகனே கேள்வி எழுதட்டும். நடுநடுவே விடையே இல்லாத கணக்கு ஒன்றையும் நுழையுங்கள். "இதுக்கு விடை சொல்ல முடியாதும்மா" என்று சொன்னால் முழு மதிப்பெண்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியர், தர்மபுரி

கேள்வி: 8 + 4 = ▢ + 5. கட்டத்தில் 12 என்று எழுதுகிறார்கள். ஏன்?

பதில்: "=" என்றால் "விடையை இங்கே போடு" என்று அவர்கள் புரிந்துவைத்திருப்பதால். இதே கேள்வியை அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கேட்டதை 1999இல் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றார்கள். 7 என்று சொல்ல ஒருவர் இல்லை. சின்ன வகுப்பிலேயே சரிசெய்யாவிட்டால் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் பேப்பர் கப் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் 8 கோலிக்குண்டும் 4 கோலிக்குண்டும், மறுபக்கம் 5. நேராக நிற்க இன்னும் எத்தனை வேண்டும்? கரும்பலகையிலும் எப்போதும் விடையை வலப்பக்கமே எழுதாமல் 9 = 5 + 4 என்று எழுதிப் போடுங்கள். 6 + 2 = 5 + 3 சரியா தப்பா என்று சண்டை மூட்டிவிடுங்கள். சண்டை முடியும்வரை நீதிபதியாக வேண்டாம்.

ஓர் ஆசிரியை, ஊர் வேண்டாம் என்றார்

கேள்வி: யோசிக்கத் தூண்டும் கேள்விதான் கேட்கிறேன். வகுப்பே வாயை மூடிக்கொள்கிறது.

பதில்: கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையிடம் தாவினார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். மூன்று விநாடி பொறுக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

மூன்று விநாடி சின்னது என்று நினைக்கலாம். வகுப்பின் முன்னால் வாய் திறக்காமல் நின்று பாருங்கள், மூன்று யுகம்! ஒரு பிள்ளை பதில் சொன்ன பிறகும் உடனே "வெரி குட்" சொல்லாதீர்கள். "வேற யாருக்காவது வேற மாதிரி தோணுதா?" என்று கேளுங்கள். "வெரி குட்" விழுந்ததும் மற்ற முப்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஓர் அப்பா, சேலம்

கேள்வி: அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் மூளை கூர்மையாகுமா?

பதில்: கணக்கு வேகமாகும். குஜராத்தின் வதோதராவில் சுமார் 200 பள்ளிப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மன அபாகஸ் கற்றவர்கள் கூட்டல், கழித்தல், பெருக்கலில் முன்னேறினார்கள். ஆனால் நினைவாற்றல் முதலான பொதுத் திறன்கள் கூடவில்லை. மணியை உருட்டப் பிடித்திருந்தால் அனுப்புங்கள். மூளையைத் தீட்டித் தருவதாகச் சொல்லி வாங்கும் கட்டணத்துக்கு மட்டும் ரசீது கேளுங்கள்.

ஒரு தாத்தா, சென்னை

கேள்வி: அப்போ சதுரங்கம்? நம்ம குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆகவில்லையா?

பதில்: ஆனார், ஐயா, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில். சதுரங்கம் ஆடினால் சதுரங்கம் நன்றாக வரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கணக்கிலும் மதிப்பெண் கூடுமா என்பது வேறு கேள்வி. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை வைத்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் சதுரங்கம் கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை. பேரனோடு ஆடுங்கள். காய் நகர்த்தும் முன் "அடுத்து நான் என்ன செய்வேன்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். தோற்றுப்போனால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாதீர்கள்.

பெயர், ஊர் இரண்டும் வேண்டாம் என்றவர்

கேள்வி: கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கப் பயிற்சி தருகிறார்கள். மிட் பிரெயின் ஆக்டிவேஷனாம். பல ஆயிரம் கேட்கிறார்கள்.

பதில்: மூக்கின் ஓரத்தில் துணிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். பிள்ளை அதன் வழியாகப் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் புத்தகத்தைத் தலைக்குப் பின்னால் பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியைத் தானாகக் கண்டுபிடித்து, வெளியே சொல்லாமல் இருக்கும் பிள்ளைக்குச் சிந்தனைத் திறன் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளது. அப்பா அம்மாவுக்குத்தான் பயிற்சி தேவை.

ஒரு பெரியம்மா, காரைக்குடி

கேள்வி: பரணில் பல்லாங்குழி கிடக்கிறது. எடுத்துத் துடைக்கலாமா?

பதில்: இன்றைக்கே. ஆனால் விதியைச் சொல்லிக் கொடுத்து ஆடவிடுவது பாதி வேலைதான். காயை எடுக்கும் முன், "இந்தக் குழியில எடுத்தா கடைசிக் காய் எங்கே விழும்?" என்று கேளுங்கள். விரலால் தொட்டு எண்ணிப் பார்க்கும். பிறகு கண்ணாலேயே எண்ணும். முன்கூட்டிச் சொல்வதும், சொன்னது சரிதானா என்று ஆடிப் பார்ப்பதும்தான் இதில் நடக்கும் படிப்பு.

பரமபதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 37இல் நிற்கும் பிள்ளைக்கு நான்கு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்த விடாதீர்கள். "38, 39, 40, 41" என்று சொல்லி நகர்த்தட்டும். 2008இல் ரமணி, சீக்லர் இருவரும் ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட நேர்க்கோட்டுக் கட்டங்களில் மழலைப் பிள்ளைகளை ஆடவிட்டார்கள். சில நாள் ஆட்டத்திலேயே எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய கட்டங்களில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. நூறு கட்டம் வைத்துப் பின்னால் செய்த ஆய்வில், நான் மேலே சொன்ன மாதிரி இருக்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணியவர்களுக்கே அதிகப் பலன். ஆட்டம் ஒன்றேதான், வாயில் வரும் எண் மாறினால் படிப்பு மாறுகிறது.

இதெல்லாம் கைவந்த பிறகு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. "புலி ஏன் ஜெயிக்கலை?" என்று ஆட்டம் முடிந்ததும் கேளுங்கள். தோற்ற புலி சொல்லும் காரணம் கேட்கத் தகுந்தது.

ஓர் அப்பா, நாகர்கோவில்

கேள்வி: இரவில் கதை சொல்கிறேன். கடைசியில் நீதி கேட்டால் தூங்கிவிடுகிறான்.

பதில்: நீதி கேட்டால் நானும் தூங்கிவிடுவேன். பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நரி பாடச் சொன்ன இடத்தில் நிறுத்தி, "காக்கா வடையும் விடக் கூடாது, பாடவும் வேணும். என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். வடையைக் காலில் இடுக்கிக்கொள்ளலாம் என்பது பழைய விடை. உங்கள் மகன் இன்னொன்று வைத்திருப்பான். அடுத்த நாள், "நரி கெட்டதுன்னா, பாட்டிகிட்ட திருடின காக்கா நல்லதா?" என்று கேளுங்கள். அன்றிரவு நீங்கள்தான் தூங்க மாட்டீர்கள்.

ஓர் அம்மா, தஞ்சாவூர்

கேள்வி: நாள் முழுக்க "ஏன், ஏன்?" தாங்க முடியவில்லை.

பதில்: பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இருவர் 1984இல் ஒரு நூல் எழுதினார்கள். இங்கிலாந்தில் நான்கு வயதை ஒட்டிய சிறுமிகள் வீட்டில் மணிக்குச் சராசரி 26 கேள்வி கேட்டார்கள். அதே சிறுமிகள் மழலைப் பள்ளியில் கேட்டது மணிக்கு 2. பள்ளிக்கூடம் போனதும் "ஏன்" தானாகக் குறைந்துவிடும், கவலைப்படாதீர்கள். அப்படிக் குறைவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். எல்லாவற்றுக்கும் விடை சொல்லத் தேவையில்லை, "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிவிடுங்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது "அப்புறம் சொல்றேன்" என்பதும் நியாயமான பதில்தான். அப்புறம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கடலூர்

கேள்வி: அரசுப் பள்ளியில் எப்போது பார்த்தாலும் பாட்டு, ஆட்டம், அட்டை. படிப்பு எப்போது?

பதில்: அதுதான் படிப்பு. மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப்புறக் கல்வி மையம் அட்டைகளையும் படிநிலைகளையும் வைத்து ஒரு முறையை வளர்த்தது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் அதைக் கொண்டுவந்தார். 2007இல் "செயல்வழிக் கற்றல்" என்று தமிழகம் முழுக்கப் பரவியது. கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பாடம்.

உங்கள் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அட்டையை எடு, அடுக்கு, வை, அடுத்த அட்டை என்று ஓடினால் கைதான் வேலை செய்யும். பள்ளிக்குப் போகும்போது "நோட்டைக் காட்டுங்க" என்று கேட்காதீர்கள். அட்டை அடுக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் இதை இங்கே வச்சே?" என்று கேளுங்கள். காரணம் வந்தால் படிப்பு நடக்கிறது. "டீச்சர் சொன்னாங்க" என்று வந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசுங்கள்.

ஓர் அம்மா, கோவை

கேள்வி: தெர்மாகோலில் செய்த சூரியக் குடும்பத்துக்கு மகனுக்கு முதல் பரிசு!

பதில்: வாழ்த்துகள். நீங்கள் எந்த வகுப்பு?

மளிகைக் கடைக்காரர், ராஜபாளையம்

கேள்வி: மகன் கல்லாவில் உட்கார்ந்தால் சில்லறை பிசகாது. பள்ளிக் கணக்கில் மட்டும் பூஜ்யம். எப்படி?

பதில்: பிரேசிலின் ரெசிஃபே நகரிலும் இதே கதை. 1985இல் வெளிவந்த ஆய்வில், தெருவில் விற்கும் பிள்ளைகள் வியாபாரத்தில் நூற்றுக்கு 98 கணக்கைச் சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்ததும் 37க்கு இறங்கினார்கள். தேங்காய் விற்ற ஒரு சிறுவனிடம் ஒன்று 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டார்கள். அவன் பூஜ்யம் சேர்க்கவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, கூட ஒன்று 350 என்று ஏறினான். பெருக்கலின் உள்ளே நடப்பது அதுதான்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் செய்த ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகள் தாள் கணக்கில் திணறினார்கள். பள்ளியில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இருவரும் தோற்ற இடம் நடுவே உள்ள பாலம். அதை நீங்கள் கட்டலாம். இரவில் கடை அடைக்கும்போது, அன்று மனத்தில் போட்ட ஒரு கணக்கை அவன் எப்படிப் போட்டானோ அப்படியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதை வகுப்பில் காட்டட்டும். கடையில் உட்காராத வீட்டுப் பிள்ளைகளை 50 ரூபாயோடு காய்கறி வாங்க அனுப்புங்கள். மீதியை அவர்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

பலாத் தோப்புக்காரர், பண்ருட்டி

கேள்வி: நம் பழைய நூல்களில் இந்த மாதிரி ஏதும் இல்லையா?

பதில்: உங்கள் தோப்புக்கே இருக்கிறது. காரி நாயனாரின் கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமல் சுளைகளின் எண்ணிக்கை அறிய வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பெருக்கி வகுப்பதை நீங்கள் செய்யுங்கள். முள்ளை எண்ணுவது பிள்ளைகள் வேலை. விடையைச் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் பழத்தை அறுங்கள். சுளையை எண்ணுங்கள், வாயில் போடும் முன்பு! எண் ஒத்துவந்ததா? எவ்வளவு வித்தியாசம்? அடுத்த பழத்தில்? பழைய நூலில் இருப்பதாலேயே சரி என்று நம்பாமலும், பழையது என்பதாலேயே தள்ளாமலும், அறுத்து எண்ணிப் பார்ப்பதற்குப் பெயர் அறிவியல். சோதனைப் பொருளைத் தின்றுவிடலாம் என்பது கூடுதல் வசதி.

ஓர் அம்மா, அரக்கோணம்

கேள்வி: கல்விப் பொம்மைகள் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

பதில்: குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டிய அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கையில் எடுத்தவர். உங்களுக்கு அதைவிட எளிதாக ஒன்று: ஊறவைத்த கொண்டைக்கடலை, உடைத்த ஈர்க்குச்சி. கடலையில் குச்சியைச் செருகி முக்கோணம், சதுரம் செய்யச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சதுரம் சாயும், முக்கோணம் அசையாது. "சாயாம நிக்க வைக்க ஒரே ஒரு குச்சி தர்றேன். எங்கே வைப்பே?" என்று கேளுங்கள். குறுக்கே வைக்கக் கண்டுபிடித்த பிள்ளையைக் கூட்டிப் போய் ரயில் பாலத்தையும் மின்கோபுரத்தையும் காட்டுங்கள். அங்கே எத்தனை முக்கோணம் என்று எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வரும்.

ஓர் அப்பா, வேலூர்

கேள்வி: ஒன்றாம் வகுப்புக்கே இரண்டு மணி நேரம் வீட்டுப்பாடம். இதில் எங்கே யோசிக்க?

பதில்: சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான வழக்கில், ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020இன் தேசியப் பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. பள்ளியில் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை இன்னொரு டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓர் அம்மா, ஓசூர்

கேள்வி: ஆங்கிலத்திலேயே யோசிக்கப் பழக்கலாமா?

பதில்: கனவு எந்த மொழியில் வருகிறதோ அதில் யோசிக்கட்டும். காரணம் சொல்ல வார்த்தை கிடைக்காத பிள்ளை, காரணத்தையே விட்டுவிடும்.

ஓர் இளைஞர், பெருங்குடி

கேள்வி: கேட்டதும் விடை தர ஏ.ஐ. இருக்கிறதே. இனி பிள்ளைகள் எதற்கு யோசிக்க வேண்டும்?

பதில்: அது தந்த விடை தப்பு என்று கண்டுபிடிக்க.

ஒரு பெற்றோர், திருச்சி

கேள்வி: இத்தனையும் செய்ய நேரமில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பதில்: விடை சரியோ தப்போ, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேட்க வேண்டும். தப்புக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளை முழித்தாலும், மென்று விழுங்கினாலும், பாதியில் மாற்றிச் சொன்னாலும் குறுக்கே போகாதீர்கள். துணி, பூ, பல்லாங்குழி, பலாப்பழம் எல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கான சாக்குதான். கேட்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உபகரணமும் வீண்.

அடுத்த இதழுக்கு ஒரு வேண்டுகோள்: இம்முறை பெரியவர்கள் கேட்டுவிட்டீர்கள். அடுத்த முறை உங்கள் வீட்டு ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொந்தமாக ஒரு கேள்வி எழுதி அனுப்பட்டும். எழுத்துப்பிழையைத் திருத்தாமல் அனுப்புங்கள்.